காலி இடம் எங்கே சார்?

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகம் என்று ஒன்று. அங்கே வளாகத்துக்கு நடுவில் ஒரு சின்ன மக்காச்சோளக் கொல்லை இருக்கிறது. ‘மோரோ பிளாட்ஸ்’ என்று பெயர். 1876-ல் ஆரம்பித்து அதே துண்டு நிலத்தில் பயிர் வைத்து, உரம் போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும், பயிரை மாற்றி மாற்றிப் போட்டால் மண் என்ன சொல்கிறது என்று விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 1960-களில் அதற்குப் பக்கத்தில் ஒரு நூலகம் கட்ட வேண்டி வந்தது. கட்டடம் உயர்ந்து நின்றால் நிழல் சோளத்தின் மேல் விழும். விழுந்தால் தொண்ணூறு வருடக் கணக்கு கெட்டுப்போகும். என்ன செய்தார்கள் தெரியுமா? நூலகத்தைத் தரைக்கு அடியில் இறக்கிவிட்டார்கள். இரண்டு தளம், இரண்டும் மண்ணுக்குள். 1969-ல் திறந்தார்கள்.

அந்த நூலகம் 2022-ல் மூடப்பட்டு, வேறு உபயோகத்துக்குப் போய்விட்டது. சோளம் இன்னும் விளைகிறது.

இந்தக் கதையின் முதல் பாதியை 2019-ல் ஒரு மீட்டிங்கில் சொன்னேன். ‘‘அது அமெரிக்கா சார். அவங்ககிட்ட காசு இருக்கு’’ என்றார் பக்கத்தில் இருந்த பேராசிரியர், பிஸ்கட்டை டீயில் முக்கியபடி.

தென் மாவட்டத்துப் பல்கலைக்கழகம் அது. பெயர் வேண்டாம். நான் அங்கே படித்தவன். ஏதோ பத்திரிகையில் எழுதுகிறானே என்று, அடுத்த இருபத்தைந்து வருடத்துக்கான ‘மாஸ்டர் பிளான்’ கமிட்டியில் முன்னாள் மாணவர் பிரதிநிதியாகப் போட்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது. போக்குவரத்துப் படி உண்டு. மதியம் தயிர்சாதம் உண்டு.

பல்கலைக்கழகத்துக்கு எதற்கு மாஸ்டர் பிளான் என்று கேட்கிறீர்களா? இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் ஊர்ப் பழைய வளாகம் எதற்குள் போனாலும் பார்க்கலாம். யு.ஜி.சி. பணம் ஐந்தாண்டுத் திட்டக் கணக்கில் வந்துகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 2017 மார்ச்சோடு அந்தக் கணக்கு முடிந்தது. பணம் வரும், குறிப்பிட்ட தேதிக்குள் செலவழிக்க வேண்டும். எங்கே கட்டுவது என்று யோசிக்க அவகாசம் இருக்காது. ரோட்டை ஒட்டி, கரன்ட் கம்பத்துக்குப் பக்கத்தில், தண்ணீர்க் குழாய் போகிற வழியில் எது காலியோ அங்கே அஸ்திவாரம் தோண்டிவிடுவார்கள். இவற்றுக்கு நான் ‘மார்ச் மாதக் கட்டடங்கள்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். இயற்பியல் துறைக்குப் பின்னால் கேன்டீன் புகைபோக்கி, நூலக வாசலுக்கு எதிரே ஜெனரேட்டர் ஷெட் எல்லாம் அந்த வகை.

முதல் மீட்டிங்கில் கன்சல்டன்ட் கம்பெனியிலிருந்து வந்த இளம் ஆர்க்கிடெக்ட் பெண் சுவரில் படம் காட்டினார். வகுப்புகள் ஒரு நிறம், விடுதிகள் ஒரு நிறம், விளையாட்டு ஒரு நிறம். ரோடுகள் எல்லாம் நேர்கோடு. எங்கள் காலத்தில் பஸ் ஸ்டாப்பிலிருந்து கேன்டீனுக்குக் குறுக்காகப் போகும் ஒற்றையடிப் பாதை அதில் இல்லை. அந்தப் பாதைக்கு எந்த இன்ஜினீயரும் எஸ்டிமேட் போட்டதில்லை. ஆயிரக்கணக்கான செருப்புகள் போட்டது. அதைச் சொன்னேன். அந்தப் பெண் மறுக்காமல் குறித்துக்கொண்டார். அடுத்த படத்தில் அந்தப் பாதை, மரம் வைத்த நடைபாதையாக வந்திருந்தது. நல்ல பெண்.

படத்தில் தெற்குப் பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்தது. ‘வேகன்ட் லேண்ட்’ என்று எழுதி, நடுவில் ஐந்து மாடிப் புது மகளிர் விடுதி. பக்கத்தில் நீலத்தில் முட்டை வடிவமாக ஒரு குளம், சுற்றிலும் பெஞ்ச்.

அது குளம் இல்லை. கண்மாய். வெள்ளையாக விட்டிருந்தது அதன் உள்வாய். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்த பிறகு அங்கே தண்ணீர் தங்கவே இல்லை. பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். சர்வே எடுக்க வந்தவர்கள் பார்த்தது கிரிக்கெட் கிரவுண்டைத்தான்.

தோட்டப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். வளாகத்துக்காக நிலம் எடுக்கும் முன்னால் அவருடைய அப்பா அந்தக் கண்மாயில் நீர்பாய்ச்சி. ‘‘தம்பி, மூணு வருஷம் காய்ஞ்சு கிடந்தா தண்ணிக்கு வழி மறந்துபோயிடுமா? வரத்துக்கால் அந்த மெடிக்கல் சென்டர் பின்னாடிதான் வருது. அதை மூடி சைக்கிள் ஸ்டாண்டு போட்டிருக்காக. தண்ணி இப்ப சுத்திக்கிட்டு வரும். ஆனா வரும்’’ என்றார். கலுங்கு எங்கே, மடை எங்கே என்று குச்சியால் மண்ணில் கீறிக் காட்டினார். செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். கன்சல்டன்ட் படத்தைவிட அது தெளிவாக இருந்தது.

அடுத்த மீட்டிங்குக்குக் கணக்கோடு போனேன். ஒரு ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். வளாகம் சுமாராக 120 ஹெக்டேர். ஐப்பசியில் ஒரே ராத்திரி பத்து சென்டிமீட்டர் கொட்டினால் பன்னிரண்டு கோடி லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கிற டேங்கர் லாரி என்றால் பத்தாயிரம் லாரி. ‘‘2015 டிசம்பர்ல சென்னையைப் பார்த்தோமே சார், இவ்வளவு தண்ணியும் ராத்திரி ரெண்டு மணிக்குப் பொம்பளைப் பிள்ளைங்க ஹாஸ்டல் கீழ்த்தளத்துக்குத்தானே வரும்?’’ என்றேன். துணைவேந்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாதத்தில் ஜெயித்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் வார்டன் மேடம் பேசினார். அதுவரை இரண்டு மீட்டிங்கிலும் வாயே திறக்காதவர்.

‘‘சார், ஒன்றரை மணி நேரமா கண்மாயைப் பத்திப் பேசிட்டிருக்கோம். நல்லது. அதுக்குப் பேச ஆள் இருக்கு. என் பிள்ளைங்களுக்கு? ரூம் இல்லைன்னு திருப்பி அனுப்புற பிள்ளைங்க விடிகாலை நாலரைக்கு எந்திரிச்சு ரெண்டு பஸ் மாறி வருதுங்க. ராத்திரி எட்டு மணிக்கு வீடு. கொஞ்ச நாள் வரும்ங்க. பொங்கல் லீவு முடிஞ்சு வரலைன்னா கல்யாணம் ஆயிடுச்சுன்னு நாங்களே புரிஞ்சுக்குவோம். விடுதி அங்கே வேண்டாம்னா சரி. எங்கேன்னு சொல்லுங்க. வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க.’’

மீட்டிங் ஹாலில் ஏ.ஸி. சத்தம் மட்டும் கேட்டது.

வளாகத் திட்டம் என்றால் மரமா கட்டடமா, பசுமையா சிமென்ட்டா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். உண்மையில் நடப்பது வேறு. இன்னும் வந்து சேராதவர்களுக்கு இடம் ஒதுக்கும் வேலை அது. அவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. எந்த ஊர், ஆணா பெண்ணா தெரியாது. மீட்டிங்கில் அவர்களுக்கு நாற்காலியும் கிடையாது. கன்சல்டன்ட் எக்செல் ஷீட்டில் ‘வருடத்துக்கு மூன்று சதவிகித வளர்ச்சி’ என்று போட்டிருந்தார். ஏன் மூன்று? எல்லா இடத்திலும் அப்படித்தான் போடுவார்களாம்.

எத்தனை பேர் வருவார்கள் என்பது வரைபடத்தில் முடிவாவதில்லை. இதற்கு நமக்குத் தெரிந்த நல்ல உதாரணம் சென்னையில் இருக்கிறது.

கிண்டியில் ஐ.ஐ.டி. ஆரம்பித்தது 1959-ல். மேற்கு ஜெர்மனி உதவி. வளாகத்துக்குள் இன்றும் ஒரு சாலைக்கு பான் அவென்யூ என்று பெயர். மான்கள் திரிந்த கிண்டிக் காட்டிலிருந்து பிரித்துக் கொடுத்த இடம், சுமார் 250 ஹெக்டேர். முதல் வருடம் சேர்ந்தவர்கள் 120 பேர். அதாவது ஒரு மாணவனுக்கு இரண்டு ஹெக்டேர்! இன்று பத்தாயிரம் பேருக்கு மேல். சுவர் அதே சுவர்தான். ஒரு பக்கம் தேசியப் பூங்கா, மற்ற பக்கமெல்லாம் ஊர். நகர முடியாது.

விடுதிகளுக்கு நதிகளின் பெயர் வைத்தார்கள். காவேரி, கிருஷ்ணா, நர்மதா, கோதாவரி... ஆரம்பத்தில் வந்தவை தாழ்வான கட்டடங்கள். பிறகு வந்த மந்தாகினி, சிந்து, பம்பா எல்லாம் உயரமானவை. ஏன்? அந்தக் காலத்துத் திட்டக்காரர்கள் சரியாகக் கணக்குப் போடவில்லை என்பதல்ல. கணக்கு டெல்லியில் மாறியது. மத்தியக் கல்வி நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவிகிதம் என்ற சட்டம் 2007-ல் நடைமுறைக்கு வந்தது. 2008 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. பொதுப்பிரிவு இடங்களும் குறையக் கூடாது என்பதால் மொத்த இடங்களையே ஒன்றரை மடங்கு அளவுக்குக் கூட்ட வேண்டி வந்தது. 2018-ல் ஐ.ஐ.டி.களில் பெண்கள் ரொம்பக் குறைவு என்று அவர்களுக்குக் கூடுதல் இடங்கள் உருவாக்கினார்கள். 2019-ல் பத்து சதவிகித ஒதுக்கீடு வந்து, மறுபடி இடங்கள் ஏறின. பன்னிரண்டு வருடத்துக்குள் மூன்று தடவை. எந்த ஆர்க்கிடெக்ட் இதை முன்னாலேயே படத்தில் போட முடியும்?

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அங்கே இன்னும் மான் இருக்கிறது. இரண்டு வகை. புள்ளிமான் மர நிழலில் சமாளித்துக்கொள்ளும். இன்னொன்று வெளிமான், முறுக்குக் கொம்பு. பெயர் வைத்தவன் கெட்டிக்காரன். அதற்குக் காடு வேண்டாம், வெளி வேண்டும். ஆபத்து வந்தால் ஒளியாது, ஓடும். ஓடத் திறந்த புல்வெளி வேண்டும். மரத்துக்காவது கட்டிப்பிடித்துப் போராட ஆள் வருவான். புல்வெளியைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான்: காலியாகக் கிடக்கிறதே! சமயத்தில் ‘பசுமையாக்குகிறோம்’ என்று அதிலேயே மரக்கன்று நட்டுவிடுவார்கள். வெளிமானைப் பொறுத்தவரை அதுவும் ஒரு கட்டடம்தான்.

ஐ.ஐ.டி. மேலே உயர்ந்தது, தரமணியில் ஆராய்ச்சிப் பூங்கா, தையூரில் இன்னொரு வளாகம் என்று சுவருக்கு வெளியேயும் போனது. மாணவர்கள் மோட்டார் பைக் வைத்துக்கொள்ளக் கூடாது, சைக்கிள்தான் என்று ஒரு விதியும் உண்டு. இதைத் திட்டம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் பல ஆயிரம் பைக்குகளுக்கு ஸ்டாண்டு போட எத்தனை ஏக்கர் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இலங்கையில் பேராதனைக் கதையும் கிட்டத்தட்ட இதுதான். மகாவலி ஆறு ஒரு பக்கம், ஹந்தானை மலை ஒரு பக்கம். லண்டன் நகரத்துக்கே திட்டம் போட்ட பேட்ரிக் அபர்குரோம்பி வந்து கோடு போட்டுக் கொடுத்தார். 1942-ல் கொழும்பில் பிறந்த பல்கலைக்கழகம் 1952-ல் அங்கே குடிபோனது. மாணவர்கள் விடுதியில் தங்கியே படிக்க வேண்டும் என்பது அதன் ஆதாரக் கொள்கை. பிறகு இலவசக் கல்வியில், சிங்களத்திலும் தமிழிலும் படித்த பிள்ளைகள் 1960-களில் அலை அலையாக வாசலுக்கு வந்தார்கள். விடுதிகள் திணறின. அழகான திட்டம்தான். ஆனால் யாருக்காகக் கட்டினார்களோ அவர்களைவிட அதிகம் பேர் வந்துவிட்டார்கள். வராமலே இருந்திருந்தால்தான் வருத்தப்பட வேண்டும்.

நம் மீட்டிங்குக்கு வருவோம். விடுதி எங்கே?

அந்த ஆர்க்கிடெக்ட் பெண்தான் பூனைக்கு மணி கட்டினார். மூன்றாவது மீட்டிங்கில் ஒரு படம் போட்டார். வடக்கே, வளாகத்திலேயே மேடான இடத்தில், ஆசிரியர் குடியிருப்பு. 1970-களில் கட்டிய தனித்தனி வீடுகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் அரை ஏக்கர் தோட்டம். அதில் பாதிக்கு மேல் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். சிவப்பு என்றால் பூட்டிக் கிடப்பது.

ஏன் பூட்டிக் கிடக்கிறது? குவார்ட்டர்ஸில் குடியிருந்தால் வீட்டு வாடகைப் படி கிடையாது. பிள்ளைகளுக்கு நல்ல ஸ்கூல் டவுனில். வங்கிக் கடனில் சொந்த வீடும் டவுனில். ஆக, வளாகத்திலேயே தண்ணீர் நிற்காத, ரோடு, கரன்ட், சாக்கடை எல்லாம் ஏற்கனவே இருக்கிற நிலத்தில் கொடிக்காப்புளி மரமும் பாம்பும் குடியிருந்தன. எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் மேஜையைச் சுற்றி இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆசிரியர்கள். காலி இடம் எங்கே என்று ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த கமிட்டி, அந்தப் படத்தைப் பார்த்ததும் சீலிங்கைப் பார்த்தது.

‘‘அது ஸ்டாஃப் வெல்ஃபேர் சம்பந்தப்பட்ட விஷயம்மா’’ என்றார் பிஸ்கட் பேராசிரியர்.

‘‘எதிர்காலத்துல புது ஃபேகல்ட்டி வந்தா குவார்ட்டர்ஸ் வேணுமே?’’ என்றார் இன்னொருவர். நியாயமான கேள்விதான். அபார்ட்மென்ட்டாகக் கட்டினால் அதில் கால்வாசி இடம் போதும் என்று அந்தப் பெண் பதில் வைத்திருந்தார்.

‘‘பொம்பளைப் பிள்ளைங்களை மெயின் கேட்டுக்கு இவ்வளவு பக்கத்துல...’’ என்று ஒருவர் இழுத்தார்.

‘‘கேட்டுக்குப் பக்கத்துலதான் சார் இருக்கணும்’’ என்றார் வார்டன் மேடம். ‘‘தெற்கால போட்டீங்கன்னா லைப்ரரி முடிஞ்சு ராத்திரி ஒன்றரைக் கிலோமீட்டர் இருட்டுல நடக்கணும். அதுக்குப் பயந்துதானே சாயங்காலம் ஆறு மணிக்கே கதவைப் பூட்டச் சொல்றீங்க?’’

விடுதி இருக்கிற இடத்துக்கும், பெண்கள் எத்தனை மணி வரை நூலகத்தில் உட்காரலாம் என்பதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. நானும் அதே நூலகத்தில் ஒன்பது மணி வரை உட்கார்ந்து படித்தவன்தான். எட்டு மணிக்குச் சுற்றிலும் ஆம்பளைப் பையன்கள் மட்டுமே இருந்தது இப்போதுதான் உறைத்தது.

மினிட்ஸில் ‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதினார்கள். அரசாங்கத் தமிழில் இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். பிறகு 2020-ல் கொரோனா. வளாகமே பூட்டிக் கிடந்தது. ஃபைலும்தான்.

2021 நவம்பரில் தமிழ்நாடு முழுக்க மழை கொட்டித் தீர்த்தது ஞாபகம் இருக்கும். பெரியவர் போன் பண்ணினார். ‘‘தம்பி, வந்து பாருங்க.’’ போனேன். கிரிக்கெட் கிரவுண்டில் இடுப்பளவு தண்ணீர். ஸ்டம்ப் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. விடுதியின் கீழ்த்தளம் வர வேண்டிய இடத்தில் நாரை ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. செல்போனில் எடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல், கமிட்டி வாட்ஸப் குரூப்பில் போட்டேன். துணைவேந்தர் மாறியிருந்தார். புதியவர் ஒரு கட்டைவிரல் போட்டார்.

கட்டைவிரலுக்கு நல்ல பலன் இருந்தது. 2022-ல் கமிட்டி மறுபடி கூடியது. அந்த வருடம் செப்டம்பரில்தான் அரசுப் பள்ளியில் படித்து காலேஜுக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று ‘புதுமைப் பெண்’ திட்டம் தொடங்கியது. வார்டன் மேடம் அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ‘‘இதுங்க மூணு வருஷத்துல டிகிரி முடிச்சு எம்.எஸ்ஸி.க்கு இங்கேதான் வரும்ங்க. உங்க மூணு பர்சென்ட்டு பத்தாதும்மா’’ என்று அந்த ஆர்க்கிடெக்ட்டிடம் சொன்னார். எக்செல் ஷீட்டில் அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டு, மூன்று விதமாகக் கணக்குப் போட்டார்கள்: கொஞ்சம் வந்தால், நிறைய வந்தால், எதிர்பாராமல் கொட்டினால். கட்டடத்தை முழுதாகக் கட்டாமல், பிற்பாடு இரண்டு மாடி ஏற்றுகிற மாதிரி அஸ்திவாரத்தை மட்டும் இப்போதே பலமாகப் போடுவது என்று முடிவானது. அஸ்திவாரத்துக்குக் கூடச் செலவாகும். ஆடிட் கேள்வி வரும். ‘இல்லாத மாடிக்கு ஏன் கம்பி போட்டீர்கள்?’ பதிலை முன்கூட்டியே எழுதி ஃபைலில் வைத்தார்கள். நான் பார்த்ததிலேயே நல்ல திட்டமிடல் அந்த ஒரு பக்கக் கடிதம்தான்.

இப்போது குவார்ட்டர்ஸில் முதல் வரிசை வீடுகள் ஆறை இடித்து, மூன்று மாடி விடுதி நிற்கிறது. மாடியில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. அடுத்த மாடிக்கு. இரண்டாவது வரிசை இன்னும் பூட்டியே கிடக்கிறது. அதைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. உள்வாயில் கட்டக் கூடாது என்று திட்டத்தில் எழுதியாகிவிட்டது. ஆனால் அச்சடித்து வந்த புத்தகத்தில் அந்த இடத்துக்கு ‘எதிர்கால வளர்ச்சிக்கு’ என்று போட்டிருந்தார்கள். திருத்தச் சொல்லி மூன்று மெயில் போட்டேன். இரண்டாம் பதிப்பில் ‘கண்மாய் உள்வாய்’ என்று வந்தது. வரத்துக்கால் இன்னும் சைக்கிள் ஸ்டாண்டுக்கு அடியில்தான் இருக்கிறது.

நூலகம் இப்போது பெண்களுக்கும் ஒன்பது மணி வரை. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை திட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்று விதி. அடுத்த கமிட்டியில் என்னைப் போடுவார்களா, தெரியாது. வார்டன் மேடம் வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். அவர் நாற்காலிக்கு யார் என்று இன்னும் ஆர்டர் வரவில்லை.